காலண்டரில் குறித்த சம்பளம்

வாசகர் கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, பாம்பன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார், பிடிக்கும் மீனில் ஒரு பங்குதான் கூலி. நான் கடல்பாசி எடுக்கப் போவேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். ஃபர்ஸ்ட் குரூப், கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து 68 சதவீதம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். "எந்த வேலையில் சம்பளம் அதிகம், அதைச் சொல்லு, அதுக்குப் போறேன்" என்கிறான். அவன் அப்பா, "ஒரு பாட்டுக்கு (ஒரு தடவை கடலுக்குப் போய் வர) ஐயாயிரம் வருது, என்னோடயே வரட்டும்" என்கிறார். என் தம்பி கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர்க்கச் சொல்கிறான். ஒரு ஏஜென்ட், நாலு லட்சம் கட்டினால் கப்பலில் மாதம் அறுபதாயிரம் என்கிறார். நகையை வைத்தாவது திங்கட்கிழமை முதல் பணம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இவனோ லீவு முழுக்கப் பெரியப்பாவின் வல்லத்து எஞ்சினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறான்.

போன வருடம் முழுக்க எங்கள் வரவைக் காலண்டர் தாளில் குறித்துவைத்தேன். வீட்டுக்காரர் 97 நாள் கடலுக்குப் போனார். கையில் வந்தது 1,36,000. நான் 110 நாள் இறங்கினேன், 55,000. பெண் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாள், நர்ஸ் ஆகணுமாம். எங்களுக்கு எது சரியாக வரும் என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் காலண்டர்தான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வேலை வழிகாட்டுவது என் தொழில். பெற்றோரிடம் வருமானம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "என்னத்தச் சொல்ல, கடல் கொடுத்தாத்தான்." இன்னொன்று, நல்லா மீன் பட்ட ஒரு நாளின் கணக்கு. ஒரு வருடத்தை முழுசாக எழுதி வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் மகனின் கேள்விக்கு இதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை. அதனால் அந்தக் காலண்டரையே எல்லா வேலைக்கும் போட்டுப் பார்ப்போம்.

முதலில் வீட்டுக்காரர் கணக்கு. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பாட்டுக்கு ஐயாயிரம் வந்த நாள் நிச்சயம் உண்டு. இறால் பட்ட நாளாக இருக்கும். ஆனால் வருடம் அந்த ஒரு நாள் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். மிச்சம் 304. விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகும் முறையில் அதில் 130 நாள்தான் தேறும். அப்புறம் புயல் கூண்டு ஏற்றிய நாள், வேலைநிறுத்தம், படகைக் கரையேற்றிப் பழுது பார்த்த நாள், திருவிழா, காய்ச்சல். அதெல்லாம் போகத்தான் உங்கள் 97. கையில் வந்ததை 97-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,400 ரூபாய். கடலில் பகலும் இரவும் கண் விழித்துச் செய்த வேலைக்கு இது பெரிய தொகை இல்லை, ஆனால் கேட்க மோசமாகவும் இல்லை. தடைக்கால நிவாரணம் 8,000 சேர்த்து 1,44,000. இதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,000.

ஐயாயிரம், ஆயிரத்து நானூறு, பன்னிரண்டாயிரம். மூன்றும் ஒரே மனிதரின் ஒரே வருடத்து வருமானம்தான். ஒன்று பாட்டுக்கு, ஒன்று நாளுக்கு, ஒன்று மாதத்துக்கு. அரிசிக்கடைப் பாக்கியை அடைப்பது கடைசிக் கணக்கு. மற்ற வேலைகளை ஒப்பிடும்போதும் அந்தக் கடைசிக் கணக்கையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறை என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பைப் பார்த்தால், நாடு முழுவதிலும் மாதச் சம்பளக்காரரின் சராசரி வருமானம் ஏறக்குறைய 21 ஆயிரம். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 13 ஆயிரத்தை ஒட்டி. கூலி வேலைக்கு நாளுக்கு 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சொந்தத் தொழில் என்ற வரிசையில் பெட்டிக்கடைக்காரரும் இருக்கிறார், பெரிய வியாபாரியும் இருக்கிறார். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் சராசரி என்ற சொல்லை நான் முழுசாக நம்புவதில்லை. ஒரு தெருவில் பத்து வீடு என்று வையுங்கள். ஒன்பது வீட்டில் மாதம் 12,000. பத்தாவது வீட்டுக்காரர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருக்கிறார், மாதம் ஐந்து லட்சம். கூட்டி வகுத்தால் தெருவின் சராசரி 60,800. அந்தத் தொகையை வாங்கும் ஆள் அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை! "அந்தப் படிப்புக்கு இவ்வளவு சம்பளம்" என்று விளம்பரத்தில் வருவது பல நேரம் இந்தத் தெருக்கணக்குதான். அல்லது பத்தாவது வீட்டை மட்டும் படம் பிடித்துப் போடுவார்கள். நாம் கேட்க வேண்டியது வரிசையின் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்பதை. போன வருடம் அதே படிப்பு முடித்த பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, ஐந்தாவது ஆளின் கையில் மாதம் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். கல்லூரிக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கு வேண்டிய தகவல்.

இப்போது அந்தக் கப்பல் ஏஜென்ட். இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், திங்கட்கிழமை நெருங்குகிறது.

அவர் சொல்லும் அறுபதாயிரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, 2025 ஜனவரியிலிருந்து திறன்பெற்ற மாலுமிக்கு அடிப்படைச் சம்பளம் குறைந்தது 673 டாலர் என்று வைத்தது. நம் பணத்தில் அறுபதாயிரத்தை ஒட்டி வரும். ஆனால் அது திறன்பெற்ற மாலுமிக்கு, அதாவது கடலில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்து, தேர்வும் எழுதிச் சான்றிதழ் வாங்கியவருக்கு. முதல் கப்பலில் ஏறும் பையனுக்குப் பயிற்சியாளர் தொகைதான் கிடைக்கும், இதில் ஒரு சின்னப் பங்கு. காலண்டரைப் போடுங்கள். கப்பல் ஏறும் முன் படிக்கும் ஆறு மாதப் படிப்பில் வரவு இல்லை. படிப்பு முடிந்து கப்பல் கிடைக்கும்வரை காத்திருப்பில் வரவு இல்லை. வருடக்கணக்கில் காத்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். கப்பல் கிடைத்தாலும் ஒப்பந்தம் ஏழெட்டு மாதம். இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த கப்பல் ஏறும்வரை கீழ்நிலை மாலுமிக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. நான்கைந்து வருடம் தாண்டி அந்த அறுபதாயிரத்தைத் தொட்டான் என்றே வைத்தாலும், வருடத்தில் எட்டு மாதம் என்றால் மாதத்துக்கு 40,000 என்று ஆகிறது. அது நல்ல வருமானம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடகு வைத்த நகை அந்த நான்கைந்து வருடமும் வட்டி கேட்டுக்கொண்டே இருக்குமே.

இன்னொன்று. கப்பல் தொழிலாளர் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் பணம் கேட்கக்கூடாது. பயிற்சிப் பள்ளிக்கான கட்டணம் வேறு. அதைப் பள்ளியில் நேரே கட்டி ரசீது வாங்கலாம். "வேலையும் சேர்த்து நாலு லட்சம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலும், ஆள் எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் இருக்கின்றன. பெயர் அதில் இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

என் சித்தப்பா மகன் பதினைந்து வருடத்துக்கு முன் இப்படிப் பணம் கட்டியவன். கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில். அந்தப் பள்ளிக்கு அனுமதியே இல்லை என்பது கப்பல் ஏறத் தேவையான மாலுமிப் புத்தகத்துக்கு விண்ணப்பித்த அன்றுதான் தெரிந்தது. சித்தி தாலிச் சங்கிலியை மீட்க ஆறு வருடம் ஆனது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மகனுக்குக் கப்பல்தான் ஆசை என்றால் அவன் மதிப்பெண்ணுக்கு இதைவிட நல்ல வாசல் இருக்கிறது. கடைநிலை மாலுமிப் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்பே போதும். இவன் மூன்று பாடத்திலும் சேர்த்து 60 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருக்கிறான். ஆங்கிலத்தில் 50 சதவீதம் இருந்தால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுதி அதிகாரி வரிசைப் படிப்புக்கே போகலாம். எஞ்சின் மேல் கை போகும் பையனுக்கு நான்கு வருட மரைன் இன்ஜினீயரிங் இருக்கிறது. கட்டணம் கூடுதல்தான். எந்தப் பணமும் கட்டும் முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பல் வேலையே கிடைக்காமல் போகலாம்.

கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் என்று உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஒரே தொழிலுக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணமும் இல்லை. பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் வருடச் சம்பளம் பல வருடங்களாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் 25,000 வரலாம். சென்னையில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் என்று பாதி அங்கேயே முடிந்துவிடும். ஐந்தாறு வருடத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு நிறுவனம் மாறியவன் மூன்று மடங்கு வாங்குகிறான். அவனோடு படித்த இன்னொருவன் வேலை கிடைக்காமல் ஒரு கடையில் 14,000 ரூபாய்க்கு பில் போடுகிறான். இரண்டு பேர் கையிலும் ஒரே பட்டம். டாக்டருக்கும் மீனவருக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஒரே படிப்பு படித்த இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளியை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 2021-இல் கொண்டுவந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். மேலே தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000. நாலு லட்சத்தைக் கட்டி ஆறு மாதம் படிப்பதையும், கட்டணமே இல்லாமல் நான்கு வருடம் படிப்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தால் இந்தச் சலுகை கிடையாது. கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கு வந்து பேசினால் இதை மறந்துவிடாதீர்கள்.

மாதச் சம்பள அரசு வேலைகளையும் அவனுக்குக் காட்டுங்கள். கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் வேண்டும், வயது 18 முதல் 22. அடிப்படைச் சம்பளம் 21,700, மேலே அகவிலைப்படியும் மற்ற படிகளும். இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படை 18,200. கிராம நிர்வாக அலுவலருக்கு 19,500. அகவிலைப்படி இப்போது அடிப்படையில் பாதியைத் தாண்டிவிட்டதால் கைக்கு வருவது இதைவிட நன்றாகவே இருக்கும். இந்த வேலைகளின் காலண்டரில் பன்னிரண்டு தாளும் நிரம்பியிருக்கும், தடைக்காலம் கிடையாது. தேர்வுதான் கடினம், ஒரு தடவையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மீனவர் பிள்ளைகள் கடலோரக் காவல்படையிலும் கடற்படையிலும் சேர, மரைன் போலீஸ் வழியாக மூன்று மாத இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள், விண்ணப்பம் எப்போது என்று சொல்வார்கள்.

மீன்வளப் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் 1977-இலிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-இல் மீன்வளப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. அங்கே மீன்வளப் பொறியியல் என்றும் ஒரு பட்டப்படிப்பு உண்டு. எஞ்சின் பிரிக்கும் பையனுக்கு அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். மீன்வளப் பட்டதாரிக்கு இறால் பண்ணையில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான். ஆனால் அதே பட்டத்தோடு வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வையும் எழுதலாம், அங்கே தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். 7.5 சதவீதம் இங்கேயும் பொருந்தும்.

ஒரு விஷயத்தை உங்கள் மகன் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். அப்பாவுக்கு 12,000, ஐடி பையனுக்கு 25,000, வங்கி அதிகாரிக்கு அதைவிட அதிகம் என்றதும், அப்பாவின் வேலைக்குத் திறமை குறைவு என்று அவன் மனதில் பதிந்துவிடும். அது உண்மை இல்லை. காற்று கச்சானா சோழகமா என்று முகத்தில் பட்டதும் சொல்லவும், நீரோட்டம் பார்த்து வலை விடவும் எத்தனை வருடம் ஆகியிருக்கும்! வருமானம் குறைவதற்குக் காரணம் வேறு. டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் கொடுத்தவரிடமே மீனைப் போட வேண்டியிருக்கிறது, விலையை அவர் சொல்கிறார். காற்று, எல்லைப் பிரச்சினை, மீன் படாத நாள் என்று நஷ்டம் வரும்போதெல்லாம் அது பங்குக்காரர் தலையில் விழுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு மழை பெய்தாலும் சம்பளம் வரும். அந்த நஷ்டத்தை முதலாளியோ அரசோ தாங்குகிறது.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி, மூச்சடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் பன்னிரண்டு நாள்தான் இறங்குகிறீர்கள், பாசி மறுபடி வளரட்டும் என்று நீங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. நாளுக்கு 500 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் அரசு வைத்த கூலி 336. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கொஞ்சம் இடைவெளி பாருங்கள். அதே பாசி மதுரைப் பக்கத்து ஆலையில் அகர் என்ற ஜெல்லிப் பொருள் ஆகி, மருந்துக்கும் மிட்டாய்க்கும் போகும்போது விலை பல மடங்கு. நீங்கள் நிற்பது அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில், வாங்க வருபவரும் ஒருவர் இருவர்தான். விலை யார் கையில் இருக்கிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது, நம் இடத்தில் இன்னொருவரை எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும், வேலைக்குச் சட்டப்படி சான்றிதழ் வேண்டுமா என்பதெல்லாம்தான் ஒரு தொழிலின் வருமானத்தை முடிவு செய்கின்றன. இதை உங்கள் வாயால் அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் பாடம் மாதிரி இருக்கும்.

பெண் பற்றிச் சுருக்கமாக. நர்சிங்கில் வேலை கிடைக்கும், அது உறுதி. ஆனால் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் வேலையின் கனத்துக்கு மிகவும் குறைவு. பல இடங்களில் 12,000, 15,000தான். அரசு ஒப்பந்த நர்ஸுக்கு 18,000, நிரந்தரம் ஆனால்தான் நல்ல உயர்வு. பதினொன்றில் உயிரியல் குரூப் எடுக்கட்டும், அரசுப் பள்ளியிலேயே தொடரட்டும். கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும் மாதம் 1,000 உண்டு.

சரி, என்னிடம் முடிவாகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். திங்கட்கிழமை போக வேண்டாம், நகை வீட்டிலேயே இருக்கட்டும். பொறியியல் கவுன்சிலிங், மீன்வளப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் 7.5 சதவீத இடத்தில் விண்ணப்பியுங்கள். மீன்வளப் பொறியியல் கிடைத்தால் அதுவே என் முதல் விருப்பம், அடுத்தது மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் அவனுக்கே ஆசை இருந்தால் தடுக்க மாட்டேன், மாமா சொன்னார் என்பதற்காக வேண்டாம். கூடவே நாவிக் தேர்வையும் எழுதட்டும், 22 வயது வரை நேரம் இருக்கிறது. வீட்டுக்காரரிடம், தடைக்காலத்தில் பையனை எஞ்சின் மெக்கானிக் பட்டறைக்கு இரண்டு மாதம் அனுப்பச் சொல்லுங்கள். படிப்பு எதுவானாலும் அந்தக் கைவேலை வீணாகாது, அவன் அப்பாவுக்கும் மனம் குளிரும்.

விண்ணப்பத்துக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும், அதனால் நாளைக்கே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இந்த வாரமே போட்டுவிடுங்கள். கவுன்சிலிங்கில் கல்லூரிப் பட்டியல் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம்.